இருபத்தாறு பாகை

ஒட்டுசுட்டான். பெயரிலேயே சுடுகிற ஊர்.
ஆடி மாதம், மத்தியானம் திரும்பின நேரம்.
சோளகம் கிரவல் றோட்டைக் கிளப்பி
யன்னல் இடுக்கால் உள்ளே அனுப்புகிறது.
மேசைக்குக் கீழே பெட்டி இரைகிறது,
மூச்சை எண்ணி எண்ணி விடுகிற ஆள்போல.

கொழும்பில் ஒரு வங்கி கழித்துவிட்டது.
கமக்காரர் சங்கம் ஏலத்தில் எடுத்தது.
ஒரே பலகையில் இரண்டு புரோசசர்:
ஒரே தொழிற்சாலை, ஒரே வயது,
நெற்றியில் ஒரே இலக்கம்.
ஒன்று ஐம்பத்திரண்டு பாகை.
மற்றது எழுபத்தெட்டு.

"மற்றதுக்குக் காய்ச்சல் அக்கா" என்றாள் அனோஜிதா,
இலிகிதர், புறங்கையால் தொட்டுப் பார்த்தவள்போல.
நாலு நாளாகத் தானாகவே நின்று போகிறதாம்.
சிறுபோகத் தண்ணீர் முறைப் பட்டியலில்
வலதுகரை அச்சாகிவிட்டது.
இடதுகரை இன்னும் பெட்டிக்குள்ளே.

திருகாணி ஆறையும் கழற்றினேன்.
பழைய பசை ஆவணிக் குளத்தின் அடிபோல
வெடித்துக் கிடந்தது.
பஸ் சீசன் அட்டையின் விளிம்பால் சுரண்டி
ஒரு பயறளவு புதுப்பசை வைத்தேன்.
எழுபத்தெட்டு.
விசிறியை மாற்றினேன். எழுபத்தெட்டு.
வியர்வை சொட்டாமல் தலையைத் திருப்பிக்கொண்டு
இரண்டு சில்லுகளையுமே
ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தேன்.

காய்ச்சல்காரன் முன்னுக்குப் போனான்: ஐம்பத்திமூன்று.
குளிர்ந்தவன் பின்னுக்கு வந்தான்: எழுபத்தேழு.

ஆக, காய்ச்சல் ஆளுக்கில்லை,
இடத்துக்கு.

பெட்டியின் காற்று முன்னாலிருந்து வருகிறது.
முதலாமவன் அதைப் புதிதாகக் குடிக்கிறான்.
அவன் குடித்துவிட்ட மூச்சைத்தான்
இரண்டாமவன் குடிக்கிறான்.
அவ்வளவுதான். வேறு குறையில்லை.

வாசலில் காத்திருந்த தர்மகுலசிங்கம்
"எங்கட வாய்க்கால் மாதிரித்தான் பிள்ளை" என்றார்.
எல்லாமே வாய்க்கால் இல்லை ஐயா
என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
ஏனென்றால் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்:

நாங்களும் இரண்டு. ஒரே வயிறு, பத்து நிமிட இடைவெளி.
அவள் ஸ்காபரோவில். குளிர்ந்த குரல்.
எதையும் ஆறுதலாகக் கதைப்பாள்.
நான் எரிந்து விழுகிறவள்.
பிறவிக் குணம் என்று வீட்டில் முடிவு கட்டி
இருபது வருசமாகிறது.
எங்களை ஒருநாளும் யாரும் கழற்றி
ஒருத்தியின் இடத்தில் மற்றவளை வைத்துப் பார்த்ததில்லை.

ஏலத்தில் வந்த வழியில்
காற்றைப் பங்கிடுகிற பிளாஸ்டிக் மூடி தொலைந்திருக்கிறது.
அனோஜிதா ஒரு பிஸ்கட் பெட்டி கொண்டு வந்தாள்.
அட்டையை வெட்டி, மடித்து, நாடா ஒட்டி
முதலாமவனின் தோளுக்கு மேலால்
இரண்டாமவனுக்கென்று ஒரு தனிப் பாதை.
அவலட்சணமாகத்தான் இருந்தது,
ஒரு பக்கத்தில் பாதி மாட்டின் படத்தோடு.

பெட்டியை மூடிக் காத்திருந்தோம்.
ஐம்பத்தைந்து. அறுபத்தேழு.
முன்னவனுக்கு மூன்று பாகை கூடிற்று.
அது பின்னவனுக்குக் கொடுத்தது.
மிச்சம் பன்னிரண்டு பாகை இருக்கும்.
அதை எந்த அட்டையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அச்சுப்பொறி இருமிக்கொண்டு எழும்பிற்று.
இடதுகரை, முதலாம் மதகு: செவ்வாய் காலை ஆறு மணி.
கீழே, கீழே, தாளின் கடைசி வரியில்
தர்மகுலசிங்கத்தின் பெயர்.
வெள்ளி, இரவு இரண்டு மணி.

"இரவிலோ?" என்றார்.
அனோஜிதா என்னைப் பார்த்தாள்.
நான் திருகாணிகளை எண்ணினேன்.
ஐந்துதான் இருந்தன.
மேசைக்குக் கீழே குனிந்தேன்.
அட்டை மாட்டின் மூக்கால்
காற்று போய்க்கொண்டிருந்தது.